எடைக்கு விற்கும் உயரம்

பழைய டவர் விற்பவர் முதலில் சொல்வது எடையை. "நானூறு கிலோ தேறும் சார், இரும்பு விலைக்கே எடுத்துக்குங்க." அடுத்துச் சொல்வது வயதை, அதையும் ஒரு பெருமையாக: "அந்தக் காலத்து இரும்பு. இப்ப இப்படி வருமா?" காயலான் கடை வாசலில் நிற்கும், பொழுதுபோக்காக ரேடியோவில் தொலைதூரம் பேசும் ஹாம் வானொலிக்காரருக்கு இரண்டுமே இனிக்கும். புதிதாகச் செய்யக் கொடுத்தால் ஆகும் செலவில் பாதிகூட ஆகாது என்று கணக்குப் போடும்போதே, மொட்டை மாடிக்கு மேலே யாகி என்னும் திசை ஆன்டெனா சுழல்வதை அவர் மனம் பார்த்துவிடும்.

சரக்குக்குப் பஞ்சமில்லை. செப்புக் கம்பி போய்ச் சேராத கிராமங்களுக்கு ரேடியோ வழியே தொலைபேசி கொடுப்பதற்காக 1990-களில் நட்ட ஒல்லி முக்கோண மாஸ்ட்டுகள், அதற்கடுத்து வந்த வயர்லெஸ் லோக்கல் லூப் இணைப்புகளின் கோபுரங்கள், தொழிற்சாலைகளும் பண்ணைகளும் வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸுக்காக வைத்திருந்தவை, 2018-ல் செல்போன் நிறுவனமான ஏர்செல் திவால் ஆனதைப் போன்ற மூடல்களால் வேலையிழந்த செல்போன் மாடிக் கோபுரங்கள் என்று வகைவகையாகக் கழன்று சந்தைக்கு வந்திருக்கின்றன. எல்லாம் கிலோ கணக்கில் விற்கின்றன. சிக்கல் அங்கேதான். கிலோ என்பது உருக்கப் போகிறவரின் அளவுகோல். ஏற்றி நிறுத்தப் போகிறவருக்கு அது எதையும் சொல்வதில்லை.

வயதுப் பெருமையை முதலில் கழித்துவிடலாம். அந்தக் காலத்துக் கட்டுமான இரும்பு ஐ.எஸ். 226 என்ற தரத்தில் வந்தது. அது நெளியத் தொடங்கும் அழுத்தம் சுமார் 250 மெகாபாஸ்கல். இன்று கடையில் கிடைக்கும் ஐ.எஸ். 2062-ன் அடிப்படைத் தரமும் அதே 250தான்; கேட்டு வாங்கினால் 350-ம் கிடைக்கும். ஆக, பழைய இரும்பில் ரகசிய வலிமை ஏதும் ஒளிந்திருக்கவில்லை. அந்தப் பேச்சில் ஒரு துளி உண்மை உண்டு: அரசுத் துறைகளுக்காகச் செய்தவற்றில் தடிமனும் துத்தநாகப் பூச்சும் விதிப்படி இருந்தன, ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். இன்று தெருமுனைப் பட்டறையில் செய்து சில்வர் பெயிண்ட் அடித்துத் தரும் புது டவரைவிட அப்படிப்பட்ட பழையது மேல் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அது செய்த விதத்துக்குக் கிடைக்கும் மதிப்பு. வயதுக்கு அதில் பங்கில்லை.

எவ்வளவு உயரம் வேண்டும் என்ற கேள்வியைப் பலர் டவரைப் பார்த்த பிறகுதான் கேட்கிறார்கள். 18 மீட்டர் டவர் கிடைத்தால் 18 மீட்டர் வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. ஹாம்கள் அதிகம் புழங்கும் 14 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அலைநீளம் 21 மீட்டர் சொச்சம். கிடைமட்ட ஆன்டெனா தரையிலிருந்து 12 மீட்டரில் இருந்தால் அதன் வீச்சு வானத்தை நோக்கி ஏறக்குறைய 26 பாகையில் எழும். 16 மீட்டரில் 19 பாகை. 20 மீட்டரில் 15 பாகை. கோணம் தாழத் தாழத் தொலைதூரம் எளிதாகும் என்பது உண்மை. ஆனால் முதல் சில மீட்டர்களில் கிடைக்கும் லாபம் பின்னால் கிடைப்பதில்லை என்பதை அந்த எண்களே காட்டுகின்றன. இரண்டு மாடி வீடு 7 மீட்டரை ஏற்கெனவே தந்துவிடுகிறது. அதன்மேல் 9 மீட்டர் டவர் போதும். தனித்தரையில் நிறுத்துபவருக்கு 12-லிருந்து 15. இதற்கு மேல் கேட்பவர் போட்டிகளில் கோப்பைக்காக நிற்பவராக இருக்க வேண்டும். அவருக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை, அவரிடம் பொறியாளர் இருப்பார். ஒரே ஒரு கம்பி டைபோலை இன்வெர்ட்டட் வீ போலத் தொங்கவிட்டுப் பேசுகிறவருக்கு டவரே தேவையில்லை. நல்ல ஜி.ஐ. பைப் ஒன்று போதும்.

இனி காற்று. கட்டுரையின் பாதி எடையை இங்கேதான் வைக்கிறேன்.

"இருபது வருஷமா நின்னுச்சு சார், இனிமேலா விழப்போவுது?" இதைவிட நம்பத் தோன்றும் வாதமும் இல்லை, இதைவிட ஓட்டையான வாதமும் இல்லை. எங்கே நின்றது? காற்றுச் சுமைக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 875-ன் மூன்றாம் பகுதி ஊர் ஊராக அடிப்படைக் காற்று வேகம் தருகிறது. கோவைக்கும் மதுரைக்கும் வினாடிக்கு 39 மீட்டர், திருச்சிக்கு 47, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் 50. வேகத்தைப் பார்த்தால் 39-க்கும் 50-க்கும் பெரிய தூரம் தெரியாது. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் கணக்கு மாறிவிடுகிறது: கோவையில் சதுர மீட்டருக்குச் சுமார் 93 கிலோ, சென்னையில் 153 கிலோ. அதாவது 64 சதவீதம் அதிகம். கோவையில் இருபது ஆண்டு நின்ற டவர் சென்னையில் நிற்கும் என்பதற்கு அந்த இருபது ஆண்டு சாட்சியே இல்லை. 2015-ல் திருத்திய அந்தத் தரம் இன்னொன்றும் சொல்கிறது. புயல் தாக்கும் கரையிலிருந்து 60 கி.மீ. பட்டைக்குள், புயலுக்குப் பின் அவசரப் பணிக்குத் தேவைப்படும் கட்டமைப்புகளுக்குக் காற்று வேகத்தை 1.3 மடங்காக எடுத்துக்கொள்ள வேண்டும். தகவல்தொடர்புக் கோபுரங்களையும் அந்த வகையில்தான் சேர்த்திருக்கிறது. வீட்டு ஹாம் யாரும் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனால் "பேரிடர் நேரத்தில் நாங்கள்தான் தொடர்பு" என்று பேசுகிறவர்கள் அந்த இரவில் டவர் நிற்குமா என்று கணக்குப் போடாமல் இருப்பது எனக்கு விளங்கவில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்த நாளிலும், 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய இரவிலும் தொலைபேசி போனது. அப்போதுதானே இந்த டவருக்கு வேலை?

எதைச் சுமந்து நின்றது என்பது அடுத்த கேள்வி. கிராமத் தொலைபேசி மாஸ்ட்டின் தலையில் இருந்தது சின்னதொரு யாகியோ ஒற்றைக் குச்சி ஆன்டெனாவோதான். நாம் ஏற்றப் போவது மூன்று பட்டைகளுக்கான மூன்று எலிமெண்ட் யாகி, கூடவே அதைச் சுழற்றும் ரொட்டேட்டர். காற்று படும் பரப்பு அரை சதுர மீட்டருக்கு மேல்.

எப்படிக் கட்டி நின்றது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பொறியாளரின் வரைபடத்துக்கு இது மாற்று ஆகாது; எந்தப் பக்கம் ஆபத்து இருக்கிறது என்று பார்க்க இது போதும். பக்கத்துக்கு 300 மில்லிமீட்டர் அகலமுள்ள முக்கோணப் பைப் டவர், 12 மீட்டர் உயரம், பக்கங்களில் இழுத்துக் கட்டும் ஸ்டே வயர் இல்லாமல், அடியில் மட்டும் பதித்தது. சென்னைக் காற்றில் ஆன்டெனா 100 கிலோ விசையோடு தள்ளும். அடியில் அது 1.2 டன் மீட்டர் வளைப்பாகும். டவரின் சொந்த உடம்பில் படும் காற்று ஏறக்குறைய 1.6 டன் மீட்டர். இதைக் கவனிக்க வேண்டும்: ஆன்டெனாவைவிட டவரே அதிகம் காற்று வாங்குகிறது. "சின்ன ஆன்டெனாதான் வைக்கப் போறேன்" என்பவர் பாதிக்கும் குறைவான சுமையைப் பற்றித்தான் பேசுகிறார். இரண்டும் சேர்ந்து அடியில் ஒரு காலின் மேல் கிட்டத்தட்ட 11 டன்னாக இறங்கும். அந்தக் கால் 32 மி.மீ. ‘பி’ கிளாஸ் பைப் என்றால் வெளிவிட்டம் 42.4, சுவர் 3.2 மி.மீ.; துருவே இல்லாத புதுப் பைப்பாக இருந்தாலும் அது நெளியத் தொடங்கும் எல்லை 9, 10 டன். பாதுகாப்புக்கான இடைவெளி எதுவும் இல்லை, அந்த 11 டன் சேர்வதற்கு முன்னதாகவே டவர் மடிந்துவிடும்.

அதே 12 மீட்டருக்கு, அடியில் 1.2 மீட்டர் அகலமும் மேலே போகப் போக ஒடுங்கும் நான்கு கால்களும் கொண்ட ஆங்கிள் டவரை எடுத்துக்கொள்வோம். தட்டை முகங்கள் அதிகம் என்பதால் இது காற்றைக் கூடுதலாக வாங்கும். மொத்த வளைப்பு ஏறக்குறைய இரு மடங்கு, 5.7 டன் மீட்டர். ஆனாலும் அடி அகலம் அந்தச் சுமையைப் பங்கிட்டுவிடுவதால், காற்று மூலைவாட்டில் அடிக்கும் மோசமான நிலையிலும் ஒரு காலுக்கு 4 டன் அளவில்தான் வரும். 50×50×6 ஆங்கிளின் எல்லை 14 டன். நெளிவைக் கழித்தாலும் மூச்சுவிட இடமிருக்கிறது. எடையைத் தூக்குவது இரும்பின் அளவு என்று நினைக்கிறோம். அந்த அகலம் செய்யும் வேலை அதைவிடப் பெரிது.

ஒல்லி டவருக்கு இதனால் கெட்ட பெயர் வைத்துவிடக் கூடாது. அது ஸ்டே வயருக்காகவே பிறந்தது. இரண்டு மட்டங்களில் மூன்று பக்கமும் இழுத்துக் கட்டினால் வளைப்பு பெரும்பாலும் மறைந்து, நேராகக் கீழே அமுக்கும் சுமைதான் மிஞ்சும். அதை அந்தப் பைப்புகள் நன்றாகவே தாங்கும். கிராமங்களில் அவை இத்தனை நாள் நின்றதும் அப்படித்தான். விற்பவர் "ஸ்டே இல்லாமலே நிக்கும்" என்றால், அவர் பார்த்த டவரில் ஸ்டே வயர் இருந்ததை மறந்திருக்கிறார் என்று பொருள்.

காற்றுக் கணக்கைக் காகிதத்தில் போட்டுவிடலாம். துருவுக்கு டவரின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.

ஐ.எஸ். 4759-ன்படி 5 மி.மீ.க்கும் அதற்கு மேலும் தடிமனுள்ள இரும்புக்குச் சதுர மீட்டருக்கு 610 கிராம் துத்தநாகம் ஏற வேண்டும். அது சுமார் 85 மைக்ரான். இந்தப் பூச்சு உள்நாட்டில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு மைக்ரான் கரையும், கடலோரத்தில் நான்கைந்து அல்லது அதற்கு மேல். ஆக, உள்நாட்டில் இருபது ஆண்டு நின்ற நல்ல டவரில் பாதிக்கு மேல் பூச்சு மிச்சமிருக்கலாம். சென்னைக் கடலோரப் பெசன்ட் நகரில் அதே காலம் நின்றதில் ஒன்றுமே மிஞ்சியிருக்காது. வயதைக் கேட்பதைவிட ஊரைக் கேட்பதுதான் பயன் தரும். பழைய கார் வாங்குவோர் பெயிண்ட் தடிமன் பார்க்க வைத்திருக்கும் மைக்ரான் மீட்டர் இங்கேயும் வேலை செய்யும். காலின் அடி, நடு, உச்சி என்று அளந்தாலே கதை தெரிந்துவிடும். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் கவலை இல்லை, அது துத்தநாகம் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம். சிவப்பு தெரிந்தால் அங்கே காவல் முடிந்துவிட்டது. புதிதாகச் சில்வர் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிற்பதைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் அதிகமாகும். விற்கிற இரும்புக்கு யாரும் அன்பால் பெயிண்ட் அடிப்பதில்லை.

இதெல்லாம் வெளிப்புறம். பைப் டவரின் உயிர் உட்புறத்தில் இருக்கிறது. மூடப்படாத உச்சியிலும் போல்ட் துளைகளிலும் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். இரவின் ஈரமும் உள்ளேயே குளிர்ந்து நீராகும். அடியில் வடிகால் துளை இருக்க வேண்டும். நடும்போது அதைக் கான்கிரீட்டால் மூடிவிடுவது நம் ஊர் வழக்கம். அமெரிக்காவில் ரோன் 25ஜி வகை டவர்களின் கால்களில் தேங்கிய தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்து பைப்பைப் பிளந்துவிடும். அதனால் அங்குள்ள ஹாம்கள் அடியில் சரளை போட்டு வடிகால் விடுவதில் கண்டிப்பாக இருக்கிறார்கள். பிளவு வெளியே தெரிவதால் அங்கே எச்சரிக்கையாவது கிடைக்கிறது. நமக்கு உறைபனி இல்லை, ஆகவே பிளவும் இல்லை; பைப் உள்ளிருந்து மெலிந்துகொண்டே போகும், வெளியே துத்தநாகம் மினுங்கிக்கொண்டிருக்கும். 3.2 மி.மீ. சுவரில் ஒரு மில்லிமீட்டர் போனால் காலின் பரப்பில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விட்டது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அல்ட்ராசானிக் தடிமன் மீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. வெளியிலிருந்தே சுவர் தடிமனைச் சொல்லிவிடும். பின் எதற்குப் பயம்? மீட்டர் தொட்ட புள்ளியைப் பற்றித்தான் பேசும். உள் துரு சமமாக அரிப்பதில்லை. தண்ணீர் தேங்கிய மட்டத்தில், மூட்டுக்குச் சற்று மேலே, குழிகுழியாகத் தின்னும். ஒவ்வொரு துண்டின் அடியிலிருந்தும் ஒரு முழம் வரை, சுற்றிச் சுற்றி அளந்தால் நம்பலாம். சுத்தியலால் தட்டி ஓசை கேட்பதும் ஒரு கூடுதல் சாட்சி. கணீரென்ற ஓசை போய் மொத்தென்று கேட்கும் இடத்தில் நின்று அளக்கலாம். இதைச் செய்யப் பொறுமை உள்ளவர் பைப் டவரை வாங்கலாம். நான் பார்த்தவரை அந்தப் பொறுமை விலை பேசும் இடத்தில் யாருக்கும் இருப்பதில்லை.

ஆங்கிள் டவரில் இந்தப் பாடு இல்லை. அதற்கு உட்புறமே கிடையாது. இரண்டு முகமும் கண்ணெதிரே இருக்கின்றன; காலிபர் வைத்தால் தடிமன் தெரியும். ஒரு குறுக்குப் பட்டை அரித்துப் போயிருந்தால் போல்ட்டைக் கழற்றிவிட்டு, தெருமுனை இரும்புக் கடையில் அதே அளவு ஆங்கிள் வாங்கித் துளைபோட்டு மாட்டலாம். பைப் டவரில் நெளிநெளியாக வெல்டு வைத்த கம்பி ஒன்று விட்டுப்போனால் அந்த 3 மீட்டர் துண்டே கேள்விக்குறி ஆகிவிடும். வெல்டின் ஓரத்தில் மயிரிழைப் பிளவு இருந்தால் பெயிண்ட் அதை மூடிவிடும்.

மறுபடி துத்தநாகம் ஏற்றும் பட்டறைக்குப் போனாலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. சுமார் 450 பாகை சூட்டில் உருகிக் கிடக்கும் துத்தநாகத் தொட்டியில், இரு முனையும் அடைபட்ட பைப்பை இறக்கினால் உள்ளே மாட்டிய ஈரமும் காற்றும் விரிந்து வெடிக்கும். அதனால் காற்றுத் துளை போடாத பைப்பைப் பட்டறைக்காரர் தொடமாட்டார். துளை போட்டால் அது கால்களின் வலிமையில் கைவைப்பதாகும். ஆங்கிளை அமிலத்தில் கழுவி, முக்கி, எடுத்துவிடலாம். பழைய டவரின் விலையோடு இந்த முக்குக் கூலியைச் சேர்த்தே பேச வேண்டும். அப்படிச் சேர்த்துப் பார்த்தால் "இரும்பு விலை" என்ற மலிவு பாதி கரைந்துவிடுகிறது.

ஆங்கிள் டவருக்குக் குறையே இல்லை என்று சொல்லவில்லை. எடை அதிகம்: 50×50×6 ஆங்கிள் மீட்டருக்கு 4.5 கிலோ, 40×40×5 குறுக்குப் பட்டை 3 கிலோ. 12 மீட்டருக்கு நானூறு கிலோ எளிதில் தாண்டும். நூற்றுக்கணக்கான போல்ட்டுகள். பிரித்துக் குவித்த பிறகு பார்த்தால் எது எங்கே என்று விளங்காத புதிர். தரமாகச் செய்தவற்றில் ஒவ்வொரு பட்டையிலும், முக்குவதற்கு முன்பே எண் அடித்திருப்பார்கள்; அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் நிற்கும்போதே போய்ப் பெயிண்டால் எண் போட்டு, புகைப்படம் எடுத்துவிட்டுப் பிரிக்க வேண்டும். குவியலாகக் கிடக்கும் ஆங்கிளை வாங்குகிறவர் டவர் வாங்கவில்லை, ஆங்கிள் வாங்குகிறார். அக்கம்பக்கத்தார் கண்ணையும் இது ஒல்லி டவரைவிட அதிகம் உறுத்தும்.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒரு பொறி அடிப்பாகம். முதல் துண்டு பெரும்பாலும் கான்கிரீட்டில் புதைந்திருக்கும். பிரிக்க வந்தவர்கள் அதைத் தோண்டமாட்டார்கள். கேஸ் கட்டரால் மட்டத்தோடு அறுத்துவிட்டுப் போவார்கள். "அடியில் கொஞ்சம்தான் சார் குறையுது, வெல்டு வெச்சுக்கலாம்" என்பார்கள். அந்தக் கொஞ்சம்தான் முழு வளைப்பும் இறங்கும் இடம். காற்றும் கான்கிரீட்டும் சந்திக்கும் அந்த வரம்பில் துருவும் முதலில் பிடிக்கும். அறுபட்ட கால்களுக்குப் புது பேஸ் பிளேட்டும் ஆங்கர் போல்ட்டும் கணக்கிட்டுச் செய்யக்கூடிய பட்டறை உங்களுக்குத் தெரிந்தால் மட்டும் பேச்சைத் தொடரலாம். கால்களையே நடுவில் கேஸால் அறுத்து எடுத்து வந்திருந்தால் பேச்சே வேண்டாம். பழைய போல்ட்டுகளையும் பழைய ஸ்டே வயரையும் டர்ன்பக்கிளையும் இனாமாகக் கொடுத்தாலும் காயலான் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வரலாம்.

இடம் என்று வந்தால் தேர்வு தானாகவே சுருங்கிவிடும். ஸ்டே வயரின் நங்கூரங்கள் உயரத்தில் அறுபது முதல் எண்பது சதவீத தூரத்தில் இருக்க வேண்டும். 12 மீட்டர் டவருக்கு மூன்று திசையிலும் ஏழிலிருந்து பத்து மீட்டர். சென்னையில் அரை கிரவுண்டு மனை என்பது 1200 சதுர அடி, முப்பதுக்கு நாற்பது. வீடு போக மிஞ்சுவது துணி காயப்போடும் சந்து. அங்கே ஸ்டே டவருக்கு இடமே இல்லை. மாடிச் சுவரில் ஸ்டேவைக் கட்டிவிடலாம் என்ற யோசனை ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் யாருக்காவது தோன்றுகிறது. கைப்பிடிச் சுவர் மனிதர் சாய்ந்து நிற்பதற்குக் கட்டியது, பக்கவாட்டில் அரை டன் இழுவைக்கு அல்ல. கட்டினால் தூணின் தலையில், தளத்துக்குள் போகும் கம்பியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். தோட்டமோ வயலோ ஒட்டிய வீட்டுக்கு நிலைமை நேர்மாறு. அங்கே ஸ்டே மாஸ்ட் மலிவு, இலகு. டிராக்டர் திரும்பும் பக்கத்தில் நங்கூரம் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தரையில் தனித்து நிற்கும் ஆங்கிள் டவருக்கு இடம் குறைவு, ஆனால் அஸ்திவாரம் கேட்கும். முன்னால் சொன்ன 5.7 டன் மீட்டரைத் தாங்க, 1.8 மீட்டர் சதுரத்தில் 1.5 மீட்டர் ஆழக் கான்கிரீட் கட்டி என்று வைத்தால் ஏறக்குறைய 5 கனமீட்டர், 12 டன் எடை. அதன் எதிர்ப்பு 10 டன் மீட்டருக்கு மேல். கணக்கு சரியாக இருக்கிறது. செலவுதான் பலரை விழிக்க வைக்கும். கம்பி, கான்கிரீட், தோண்டும் கூலி எல்லாம் சேர்ந்தால் டவரின் விலையைத் தாண்டிவிடும். பழையதை வாங்கி மிச்சம் பிடித்த பணம் மண்ணுக்குள் போகிறது என்று வருந்துபவர்கள் உண்டு. போக வேண்டிய இடமும் அதுதான்.

மற்ற இரு வகைகளை நீட்ட வேண்டாம். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் டி.வி. ஆன்டெனாப் பைப்பு, 1982-ல் இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியபின் தென்கடலோர வீடுகளில் வானளாவ நின்றது, வி.எச்.எஃப். குச்சிக்கும் கம்பி ஆன்டெனாவுக்கும் இன்றும் சரி, சுழலும் யாகிக்கு ஆகாது. கைப்பிடி சுற்றி ஏற்றி இறக்கும் கிராங்க் அப் டவர் இங்கே அரிதாகத்தான் வரும்; வந்தாலும் அதன் கேபிளும் கப்பியும் எத்தனை மழை கண்டன என்று யாராலும் சொல்ல முடியாது. கேபிள் அறுந்தால் உள் துண்டு கத்தரிபோல் இறங்கும். வேண்டாம்.

காகிதத்தைப் பற்றியும் ஒரு சொல். 2022-ல் தமிழ்நாட்டில் செயல்படாமல் கிடந்த செல்போன் கோபுரங்கள் நூற்றுக்கணக்கில் திருடு போய்விட்டதாகப் புகார் எழுந்தது. ஆட்கள் அதிகாரிகள்போல வந்து, பட்டப்பகலில் பிரித்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போன கதைகள் அப்போது வெளிவந்தன. அந்த இரும்பெல்லாம் எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கும். பில் இல்லாத டவர் எத்தனை மலிவானாலும், அதை வாங்கி ஊருக்கே தெரியும்படி மாடியில் நிறுத்திவைப்பது விவேகம் அல்ல. மீனம்பாக்கம், தாம்பரம் போல விமானத் தளங்களுக்கு அருகில் குடியிருப்பவர்கள் விமான நிலைய ஆணையத்தின் வண்ண வரைபடத்தில் தம் மனை எந்த நிறத்தில் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும். மின்கம்பி விஷயத்தில் பேரமே கிடையாது: டவர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஆன்டெனாவின் நுனி கம்பியைத் தொடக் கூடாது.

தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். நகரத்து வீட்டுக்கு, தூண்களின் தலையில் உட்காரும் 9 மீட்டர் வரையிலான, போல்ட்டால் இணைத்த ஆங்கிள் மாடிக் கோபுரம். செல்போன் கோபுரங்களில் கழன்று வருபவற்றில் இதைத் தேடலாம். அது தலையில் சுமந்த ஆன்டெனாக்களின் காற்றுப் பரப்பு நம் யாகியைவிடக் கூடுதல் என்பதால் அதன் பழைய வாழ்க்கை இங்கே நமக்குச் சாதகமான சாட்சி. அந்த ஒரு வகையில் மட்டும் "இத்தனை வருஷமா நின்னுச்சு" என்ற வாதத்தை, அதே காற்று மண்டலத்திலிருந்து வந்திருந்தால், ஏற்றுக்கொள்கிறேன். வீட்டின் தூண்கள் தாங்குமா என்று பொறியாளர் ஒருவர் பார்த்தாக வேண்டும். அதற்குக் கொடுக்கும் கட்டணத்தில் பேரம் பேசாதீர்கள். இடமுள்ள கிராமத்து வீட்டுக்கு, உள்நாட்டில் நின்றதும் ஒவ்வொரு துண்டின் அடியையும் மீட்டரால் அளக்க விடுவதுமான ஸ்டே மாஸ்ட், புது வயர், புது போல்ட்டோடு. கடலிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் நின்ற பைப் டவரை, எந்த மீட்டர் என்ன சொன்னாலும், நான் வாங்கமாட்டேன்.

விலைக்கும் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். டவர், பிரிக்கும் கூலி, லாரி, மறு துத்தநாகம், புது போல்ட், அடிப்பாகம் எல்லாவற்றையும் கூட்டினால் புதிதாகச் செய்து முக்கித் தரும் டவரின் விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால், காயலான் கடைக்காரரிடம் ஒரு டீ குடித்துவிட்டு, அளவு எழுதிய தாளோடு நேராக ஃபேப்ரிகேஷன் பட்டறைக்குப் போய்விடலாம். அஸ்திவாரத்தை அந்தக் கூட்டலில் சேர்க்காதீர்கள். அது பழைய டவருக்கும் புது டவருக்கும் ஒன்றுதான்.